உருண்டையில் வைத்த சந்தனம்

நான் பயந்தாங்கொள்ளி. அதனாலேயே இந்த வேலைக்கு நான் பொருத்தம் என்று நினைத்திருந்தேன். பயந்தவள்தானே எதையும் இரண்டு தடவை பார்ப்பாள்.

ஈப்போவில் வெளியே மண்டை காயும் வெயில் அடித்தாலும் என் அறைக்குள் எப்போதும் இருபது டிகிரிதான். ஜன்னல் கிடையாது. நடுவில் கருங்கல் மேசை, அதன் மேல் பாலம் மாதிரி நகரும் அளவு மெஷின், அதன் நுனியில் சிவப்புக் கல் பதித்த ஊசி. வெளியே சி.என்.சி. மெஷின்கள் கடைந்து அனுப்பும் அலுமினியத் துண்டுகளை அந்த ஊசி தொட்டுத் தொட்டுப் பார்க்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் அளவைச் சொல்லும். பச்சை வந்தால் துண்டு பெட்டிக்குள் போகும், சிவப்பு வந்தால் போகாது. ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்துப் போடுவது நான்.

நாள் முழுக்க அங்கே தனியாகத்தான் இருப்பேன். "இந்த ரூம்லயே அடஞ்சி கெட, ஒரு நாளு உன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்" என்று அண்ணன் கேலி செய்வார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மெஷின் பகுதிக்கு மூத்தவர், என்னை விடப் பத்து வயது பெரியவர். எங்கள் இரண்டு பேர் குடும்பமும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவைதான். காலையில் மெஷின் ஓட்டுபவர்கள் கூடும் கூட்டத்தை அவர் இன்னும் தோட்டத்துப் பழக்கத்தில் 'பெரட்டு' என்றுதான் சொல்வார்.

ஆயுத பூஜையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். மேனேஜர் மேடம் சீனர். நல்ல மனுஷி, ஆனால் அழுக்கு என்றால் ஆகாது. அண்ணன் அவரிடம் ஆறேழு வருடம் விடாமல் கேட்டார். கடைசியில் போன வருடம் தேநீர் வேளைக்கு முன்னால் கால் மணி நேரம் கிடைத்தது. சூடம் கூடாது, நெருப்பு மணி அடித்துவிடும். அதனால் பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் விளக்கு. பொரி, கடலை, கொஞ்சம் சுண்டல். சந்தன வில்லையைப் பன்னீரில் குழைத்து ஒவ்வொரு மெஷின் கதவிலும் பொட்டு வைத்தோம். நாங்கள் இருபது பேர் கைகூப்பி நின்றபோது மலாய்க்காரத் தோழிகளும் ஓரமாக வந்து நின்று பார்த்தார்கள். அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

"உன் ரூமுக்கும் வெய்யி தங்கச்சி" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்.

கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு வைத்தேன், கருங்கல் மேசையின் காலுக்கு ஒன்று. அப்புறம்தான் அந்த உருண்டை கண்ணில் பட்டது. மேசையின் மூலையில் ஒரு தண்டின் மேல் நிற்கும் வெள்ளை உருண்டை, நெல்லிக்காய் அளவு இருக்கும். தினமும் காலையில் ஊசி முதலில் அதைத்தான் தொடும். உருண்டையின் அளவு மென்பொருளுக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால், அதைத் தொட்டு ஊசியின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளும். அன்றைக்கு அளக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். அந்த அறையில் சாமி என்று எதையாவது சொல்லலாம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். பக்தியோடு அதன் உச்சியில் ஒரு பொட்டு வைத்தேன்.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் சந்தனம் காய்ந்திருந்தது. காகிதத்தால் துடைத்தேன். ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பாட்டில் அலமாரியில் இருந்தது, அலமாரி நான்கு எட்டு தள்ளி இருந்தது. நான் போகவில்லை.

அன்று வந்த துண்டு, ஆஸ்பத்திரியில் மூச்சுவிட உதவும் கருவிக்குள் போவது. அதன் நடுவே ஒரு துளை. துளைக்குள் சின்னத் தண்டு ஒன்று நோயாளியின் மூச்சுக்குத் தக்கபடி முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்கும். துளை கொஞ்சம் இறுகினாலும் தண்டு சிக்கும். முதல் துண்டை அளந்தேன். துளை பன்னிரண்டு மைக்ரோன் பெரிது என்றது மென்பொருள். தலைமுடி ஒன்றை ஐந்தாறாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அவ்வளவுதான் பன்னிரண்டு மைக்ரோன்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் கையால் பிடித்துச் சோதிக்கும் அளவுக் கட்டையைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு. இதுக்கு மேல கொறச்சா டைட்டாயிரும் லா" என்றார்.

"உங்க கை சூட்டுல அப்படித் தெரியும் அண்ணே. கம்ப்யூட்டர் சொல்றதக் கேளுங்க."

முப்பது வருடமாக மெஷின் ஓட்டுபவர் நான் சொன்னதைக் கேட்டார். கத்தியைப் பன்னிரண்டு மைக்ரோன் குறைத்தார். அதற்கப்புறம் எல்லாம் பச்சையாகவே வந்தது. நான் மூன்று நாள் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை சாயங்காலம் நான்கு பெட்டிகள் லாரி ஏறிப் பினாங்கில் அந்தக் கருவி செய்யும் கம்பெனிக்குப் போயின.

வியாழன் காலையில் ஊசியைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, உருண்டை தண்டோடு சேரும் இடத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடியும் மஞ்சள். திங்கட்கிழமை நான் சந்தனத்தைத் துடைத்து எடுக்கவே இல்லை, உருண்டை முழுக்கப் பூசித்தான் விட்டிருந்தேன். அறை முழுக்கக் கோயில் வாசம் அடித்தது.

திரும்பச் சரிபார்த்தேன். ஊசியின் அளவு பன்னிரண்டு மைக்ரோன் இறங்கியது. உருண்டை மேல் சந்தனம் இருந்ததால் மென்பொருள் ஊசியைப் பெரிது என்று நினைத்திருந்தது. அதனால் துளைகளையும் பெரிது என்றே சொல்லியிருக்கிறது. சரியாக இருந்த துளையை நான் சொல்லித்தான் அண்ணன் இறுக்கினார். சாம்பிளுக்கு வைத்திருந்த துண்டை அளந்தேன். திரையில் சிவப்பு.

யாரோ ஒருவர் மூச்சுக்குத் திணறுவது கண் முன்னால் வந்து நின்றது. முகம் இல்லை, ஏறி இறங்கும் நெஞ்சு மட்டும்தான். அது ஏறிவிட்டு இறங்காமல் நின்றது. இப்போது எழுதும்போதும் அது வருகிறது.

அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உருண்டையில் அழுக்கு இருந்தால் கண்டுபிடிக்க மென்பொருளுக்கே வழி உண்டு. தொட்ட இடங்கள் ஒழுங்கான உருண்டையாகப் பொருந்தாவிட்டால், பொருந்தாத அளவு மூன்று மைக்ரோனைத் தாண்டியதுமே சிவப்புப் பெட்டி காட்டி வேலையை நிறுத்திவிடும். அதற்கு முந்தைய வருடம், வேலை தலைக்கு மேல் கிடந்த ஒரு வாரத்தில், அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப வந்து என் உயிரை வாங்கியது. எல்லையை மூன்றிலிருந்து பத்தாக ஏற்றினேன். யாரையும் கேட்கவில்லை. வேலை ஓய்ந்ததும் இறக்கிவிடலாம் என்று நினைத்து, மறந்தே போனேன். திங்கட்கிழமை அந்த எண் எட்டு. பழைய எல்லை இருந்திருந்தால் அன்றைக்கே மெஷின் நின்றிருக்கும்.

நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? மேடத்திடம் ஓடவில்லை. எல்லையைப் பழையபடி மூன்றாக்கினேன். அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.

வழியில் அண்ணன் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். சொன்னேன், சந்தனத்தை மட்டும்.

"சந்தனம்னு சொல்லாத தங்கச்சி. ஊசி தேஞ்சிருச்சின்னு சொல்லு. பூஜைய நிறுத்திப்புடுவாங்க."

"எந்த நாள்லேருந்து தப்புன்னு கேப்பாங்களே அண்ணே. ஊசி தேஞ்சதுக்கு நாள் சொல்ல முடியாது. சந்தனத்துக்குச் சொல்லலாம்."

அவர் வழிவிட்டார்.

மேடம் மலாயில்தான் என்னோடு பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உடனே பினாங்குக்குப் போன் போட்டார். அவர்கள் போனை எடுக்கும்வரை மேடத்தின் முன்னால் நின்ற நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஒரு பெட்டியைத்தான் திறந்திருக்கிறார்கள், எதையும் பொருத்தவில்லை என்றார்கள். நான்கு பெட்டியும் திரும்பி வரும். நான் கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மென்பொருள் எச்சரிக்கவில்லையா?" என்றார் மேடம்.

"இல்லை" என்றேன்.

அது பொய் இல்லை. எச்சரிக்கவில்லைதான்.

மறுநாள் பெரட்டில் மேடம் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். தப்பை மறைக்காமல் சொன்னேனாம். அதே மூச்சில், இனி எந்த மெஷினிலும் சந்தனம், குங்குமம், திருநீறு எதுவும் கூடாது, பூஜையும் கிடையாது என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கியதில்லை. மென்பொருளில் ஒரு பக்கம் உண்டு. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த எல்லையை மாற்றினார்கள் என்று வரிசையாக இருக்கும். என்னால் அழிக்க முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். மென்பொருளைப் புதுப்பிக்கக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் நின்றேன். நான் தொழில் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டார். வீட்டில் கணவர் எதற்காவது சத்தமாகக் கூப்பிட்டாலே உதறல் எடுக்கும்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணன் என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மேடத்துக்கிட்ட மறுபடி கேக்கலாம்னு இருக்கேன். மெஷின்ல எதுவும் வெக்க மாட்டோம், கேன்டீன்ல ஒரு படம் வெச்சி கும்பிட்டுக்கிறோம்னு. நீயும் கூட வா தங்கச்சி. நீ சொன்னா நம்புவாங்க. அன்னிக்கி உண்மைய சொன்னவ நீதானே."

அவர் குத்திக்காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னார். "வாரேன் அண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும், மேடத்திடம் கொடுப்பதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்து பிரிண்ட் எடுத்தேன். இரண்டே வரி. மூன்றிலிருந்து பத்து, என் பெயர், போன வருடத்துக்கு முந்தைய வருடத்துத் தேதி. பத்திலிருந்து மூன்று, என் பெயர், அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பது.

மேடத்தைப் பார்க்கப் போனபோது அறை வாசலில் அண்ணன் தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு காத்திருந்தார். என் கையில் காகிதத்தைப் பார்த்ததும், "லெட்டர் எழுதிட்டியா, நல்லதாப் போச்சி" என்றார். நான் அதை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தொழில் தெரிந்தவர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது வரியில் நேரத்தைப் பார்த்ததும் அவர் விரல் அங்கேயே நின்றது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப உங்களுக்கு."

என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். காகிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவைத் தட்டினார்.