இன்ஜினுக்கு மண்ணெண்ணெய்க் குளியல்

கூலாய் ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முதலாளி ஒரு வாடகைக் கார் வாங்கினார். அதற்கு நான்தான் டிரைவர். ரப்பர் தோட்டத்தில் பால்வாளி தூக்கிக்கொண்டிருந்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் தலைகால் புரியவில்லை. மற்ற டிரைவர்கள் வெள்ளிக்கிழமை வண்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். நான் அதோடு விட்டேனா? பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினைக் குளிப்பாட்டி, பளபளவென்று துடைத்த பிறகுதான் பொட்டு வைப்பேன். முதலாளி முஸ்லிம், பொட்டைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்.

இரண்டாம் வருஷம் வண்டிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டால் ஸ்டியரிங், கதவு எல்லாம் நடுங்கும். கிளட்சை விட்டுக் கிளம்பினால் காலடியில் டொம் என்று ஓர் இடி. பட்டறைக்காரர் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது என்றார். முதலாளி மனம் வெறுத்துப்போய் ஜொகூர் பாருவில் ஓர் ஆளுக்கு விற்பதாகப் பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. கார் போனால் நான் மறுபடி வாளி தூக்க வேண்டியதுதான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஏனென்றால் பட்டறைக்காரர் சொன்னது எங்கோ உதைத்தது. இன்ஜின் தேய்ந்திருந்தால் வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏற வேண்டாமா? இதுவோ ரோட்டில் ஓடும்போது பரம சாது, நின்றால்தான் பேயாட்டம்.

சனிக்கிழமை, பால் வெட்டிவிட்டு வந்த மனைவியை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கைபிரேக்கை இழுத்து, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டேன்.

"என்னங்க, இன்ஜினு எந்திரிக்குதுங்க! என் பக்கம் தூக்கிக்கிட்டு வருது."

ரிவர்ஸ் போட்டேன். மறுபக்கம் தூக்கியது. அது புது மாதிரி கார். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சட்டத்தோடு நேராக முடுக்காமல், நடுவில் ரப்பர் கட்டைகள் வைத்துத் தாங்கியிருந்தார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நான் குனிவதற்குள், அவள் கையை விட்டு அதில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துவிட்டாள். கறுப்புக் களி. மோந்து பார்த்தாள்.

"மண்ணெண்ண பட்ட ரப்பரு. கொழகொழன்னு ஆயிடும்னு தோட்டத்து லயத்துல பச்சப்புள்ளைக்கும் தெரியும். யாருங்க ஊத்துனது?"

பால்மரத்தடியில் வளர்ந்தவன் நான். எனக்கு எங்கே போயிற்று புத்தி? சக்கரத்துக் கல்லை எடுத்துவிட்டு வண்டியோடு நேரே கடைக்கு ஓடினேன்.

"முதலாளி, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. அடியில உள்ள ரப்பர் கட்டைங்கதான் போச்சு. மாத்துனா சரியாயிடும். நான்தான் மண்ணெண்ண ஊத்தி ஊத்தி கெடுத்துட்டேன்."

அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மறுபடி செய்து காட்டச் சொன்னார். இன்ஜின் தூக்குவதையும் இறங்குவதையும் குனிந்து பார்த்தார். இன்றோடு வேலை போனது என்றே நினைத்தேன்.

"ஊத்துனது நீன்னு சொல்லாமலே இருந்திருக்கலாமே?" என்றார்.

"இருந்திருக்கலாம் முதலாளி. வாயில வந்துருச்சு."

அவர் பானெட்டை மூடினார். "சரி, ஜொகூர் பாரு போ. அந்த ஆளப் பாத்து, வண்டி விக்கிறதுக்கில்லன்னு சொல்லு. அப்படியே ரப்பர் கட்டையும் வாங்கிக்க."

"எதுல போறது முதலாளி?"

"உன் வண்டியிலதான், வேற எதுல?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்ப்பதற்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன்.