கன்னிவாடிக்காரருக்கு ஆண்டவர் தந்த மூக்கு

நான் வைத்துத் தைத்த மூக்கு என் கண்ணெதிரே கருத்துக்கொண்டிருந்தது. அன்பானவர்களே, அந்த மத்தியானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம், தை மாதம். நான் மதராஸில் முகச் சீரமைப்பு அறுவை மருத்துவனாக இருந்தேன். பிளந்த உதடு, வெந்த கன்னம், அறுந்த காது, இதெல்லாம்தான் என் வேலை. வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டுப் பிறந்த ஊரான திண்டுக்கல்லுக்கு வந்து, கன்னியர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் இலவசமாக அறுவை செய்வேன். வேளாவேளைக்குக் காப்பி கிடைக்கும், அதுதான் கூலி. என் கையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு, மறைப்பானேன்?

அந்த வருஷம் கன்னிவாடியிலிருந்து கருப்பணன் வந்தார். மலையடிவாரத்தில் கரடி அறைந்து மூக்கே போய்விட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டுதான் பேசுவார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம்.

"பந்தல்ல மூஞ்சிய மூடாம நின்னு எம் மகளைத் தாரை வாத்துக் குடுக்கணும் டாக்டரய்யா. அம்புட்டுத்தான்" என்றார்.

நெற்றித் தோலைக் கீறிக் கீழே திருப்பி மூக்காக வைத்துத் தைத்தேன். புருவங்களுக்கு நடுவே அறுக்காமல் விட்ட காம்பு வழியாகத்தான் புது மூக்குக்கு ரத்தம் ஓட வேண்டும். அது ஒட்டிப் பிடிக்கும் வரை காம்பில் எதுவும் அழுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

நாலைந்து நாள் கழித்துச் சாணார்பட்டியிலிருந்து சம்பந்தி பார்க்க வந்தார். வெறுங்கையோடு வருவாரா? பழத்தோடு புது உருமாவும் கொண்டுவந்தார். சம்பந்தி தன் கையால் தலைப்பாகை கட்டிவிடுவது அவர்கள் வழக்கத்தில் பெரிய மரியாதை. வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்றாகிவிடும். கருப்பணன் தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறார். அவரும் புருவம் வரை இறக்கி, நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டார். மற்ற அறுவைகளை முடித்து நான் வார்டுக்கு வந்தபோது மனுஷர் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மூக்கு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க!" என்று வார்டே அதிரக் கத்தினேன்.

சம்பந்தி பதறி எழுந்தார். "மரியாதைக்குத்தானய்யா கட்டுனேன்" என்று கையைப் பிசைந்தார்.

உருமாவை அவிழ்த்தேன். இரண்டு தையலைப் பிரித்து, தேங்கியிருந்த கறுப்பு ரத்தத்தை வடியவிட்டேன். நிறம் மாறவில்லை. இது அழுகிப்போனால் மறுபடி செய்ய இன்னொரு நெற்றிக்கு எங்கே போவேன்?

தெரிந்ததெல்லாம் செய்தாயிற்று. கட்டிலருகே முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, தைக்கத்தான் எனக்குத் தெரியும். ரத்தத்தை ஓடவைக்க உமக்குத்தான் தெரியும். இந்த மனுஷர் மானத்தைக் காப்பாற்றும்" என்று அழுதேன்.

கருப்பணன் மெதுவாகக் கேட்டார். "உங்க சாமிகிட்டயா பேசுறீங்க? நானும் கேட்டதாச் சொல்லுங்கய்யா."

ஆஸ்பத்திரியை நடத்திய மதர் செபமாலையை ஆரம்பித்தார். சம்பந்தி ஒன்றும் புரியாவிட்டாலும் கூடவே கைகூப்பி நின்றார்.

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. மூக்கின் ஓரத்தை ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது. சிவப்பு ரத்தம்! செத்த நேரத்தில் நுனிவரை நிறம் திரும்பிவிட்டது. "மதர், இங்கே பாருங்க!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கூவினேன். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

மாசியில் மறுபடி வந்து காம்பை எடுத்து மூக்கைச் சீராக்கினேன். வைகாசியில் கல்யாணத்துக்கும் போனேன். பந்தலில் கருப்பணன் துண்டில்லாமல் நிமிர்ந்து நின்று மகளைத் தாரை வார்த்தார். அப்புறம் சம்பந்தி அதே உருமாவை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றுவிட்டது.

"டாக்டரய்யா, இப்பக் கட்டலாமா?"

பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. "கட்டுங்க! எம்புட்டு வேணும்னாலும் இறுக்குங்க!" என்றேன். எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பூரித்த மாதிரி என்றைக்கும் பூரித்ததில்லை.

அதற்குப் பிறகு செபம் சொல்லாமல் நான் கத்தியைத் தொட்டதில்லை. அன்பானவர்களே, உங்களால் ஆனதை முழுசாகச் செய்யுங்கள். அதற்கு மேல் கை எட்டாத இடம் வரும்போது அவரைக் கூப்பிடுங்கள். நம்பிக்கை வராதவர்கள் கன்னிவாடிக்குப் போய்க் கருப்பணன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மூடாத முகத்தோடு அவரே வந்து திறப்பார்.