லியாகத் அலி ஊதிய கனெக்டர்கள்

லியாகத் அலியை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தண்டையார்பேட்டைக்காரர், வயது ஐம்பத்தொன்று. இருபது வருடமாக இன்டர்நெட் கேபிள் வேலை. அடுத்தவன் தொல்லையை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்வதில் அவருக்கு நிகர் அவர்தான். நான் ஜெயவேல், வியாசர்பாடி. காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை என் பகுதி.

ஃபைபர் கேபிளின் முனையில் இருக்கும் கனெக்டர் ஒரு பொல்லாத சாமான். தலைமுடி அளவு கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. முனையில் ஒரு தூசி ஒட்டினால் போதும், தெருவே போன் போட்டுக் கத்தும். எண்ணூர்க் காற்றிலோ கரித்தூளும் உப்பும் கலந்தே வரும்.

ஒருமுறை அவசரத்தில் துடைக்காமல் சொருகி, தெருமுனை இணைப்புப் பெட்டி ஒன்றைப் படுக்கவைத்தேன். என் தப்புதான். அன்றிலிருந்து பாய் தன் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார். நான் துடைத்துக் கொடுக்கும் கனெக்டரை வாங்கி, கண்ணை மூடி ஏதோ ஓதி, 'ஃபூ' என்று ஊதிச் சொருகுவார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஓதி ஊதுவார்களே, அதே பக்தி. நான் சாமி கும்பிடாதவன். ஆனாலும் மனசுக்குத் தெம்பாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்துப் படுத்தன. இன்னொன்று போனால் வேலைக்கு வராதே என்றார் மேலாளர். என் மனைவி ரமாபாய்க்கு அப்போது ஏழாம் மாதம்.

ஒரு வியாழன் மதியம் புதிதாக ஒரு ஸ்கோப் கொடுத்தார்கள். கனெக்டர் முனையைத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி. நான் துடைத்த முனையைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. பாய் வழக்கம்போல் ஓதி ஊதினார். சும்மா விளையாட்டுக்கு அதை வாங்கி மறுபடியும் ஸ்கோப்பில் வைத்தேன்.

திரை முழுக்கத் துளித்துளியாகக் கறை.

"இன்னா பாய் இது?"

"நீ ஒயுங்கா தொட்ச்சியா?"

"உன் கண்ணு முன்னாலதானே தொட்ச்சேன்!"

மறுபடி துடைத்தேன், சுத்தம். ஊதச் சொன்னேன், கறை. அத்தனையும் மூச்சு ஈரமும் எச்சிலும். பாய் பெட்டியோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன் லைன்லயும் இப்டித்தான் ஊதுவியா?"

"இல்ல நைனா. உன் வேல பூடக் கூடாதுன்னுதான்... ஒனக்கு மட்டுந்தான்..."

வந்ததே எனக்குக் கோபம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மேலாளருக்குப் போன் போட்டுவிட்டார்.

"சார், ஜெயவேலு மேல தப்பு இல்ல சார். அவன் சுத்தமாத்தான் வச்சிகினு கீறான். நான்தான் வாயால ஊதிக் கெடுத்துட்டேன். எதுனாலும் என்ன கேளுங்க."

பாய்க்கு ஒரு வாரம் வேலை இல்லை என்றார்கள். என் வேலை தப்பியது.

வாரம் முடிந்ததும் நேராக என் பெட்டிக்குத்தான் வந்தார். நான் துடைத்த கனெக்டருக்குச் சட்டென்று மூடி போட்டேன். திட்டுவதற்கு ஏழு நாளாகச் சேர்த்துவைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அத்த நான் தொடமாட்டேன். தலயக் குனி" என்றார்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். ஓதி முடித்து, என் உச்சந்தலையில் ஊதினார்.