இரண்டு மைல் பிசகு

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் மரப்பெட்டியைத் திறந்து, செக்ஸ்டன்டை இரண்டு கையாலும் தூக்கி, அதன் சின்னக் கண்ணாடியில் ஒருமுறை ஊதி, மஞ்சள் துணியால் துடைத்து, துணியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பிறகு கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் போய் நிற்பார். கால்களை அகட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, கருவியைக் கண்ணில் வைத்து, "வருது... வருது... ஆங், நிறுத்து" என்பார். யாரை நிறுத்தச் சொல்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. சூரியனைத்தான் என்று கப்பலில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தோரணைக்காகவே அவருக்குப் 'பன்னிரண்டு மணி' என்று பெயர். உத்தியோகம் இரண்டாம் அதிகாரி. வயது நாற்பத்து நான்கு. சிமென்ட் ஏற்றிப்போகும் அந்தக் கப்பலில் நண்பகலிலிருந்து நாலு மணிவரை பிரிட்ஜ் அவர் பொறுப்பு. கூடவே காவலுக்கு ஒரு மாலுமி நிற்பார். ஐம்பது தாண்டியவர், பேச்சில் உப்புக் கூடுதல். அவர்தான் ஒருநாள் பக்கத்தில் போய்ப் பார்த்தார். கருவியின் கறுப்புக் கண்ணாடிகள் அத்தனையும் கீழே இறக்கி விடப்பட்டிருந்தன. அதன் வழியாகச் சூரியன் தெரிய வழியே இல்லை. போதாக்குறைக்கு, கருவிக்குப் பின்னால் பன்னிரண்டு மணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், தூக்கமா?"

"அளக்கறேன்யா. பேசாதே, கை ஆடும்."

செக்ஸ்டன்ட் செய்வது ஒன்றே ஒன்றுதான். அடிவானத்திலிருந்து சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறது என்று அது சொல்லும். நண்பகலில் அந்த எண்ணை எடுத்து, கடல் பஞ்சாங்கத்தில் அன்றைய தேதியைப் பார்த்து, கூட்டிக் கழித்தால் கப்பல் தெற்கு வடக்கில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். உண்மையாகச் செய்தால் கணக்கு பத்து நிமிடம். பன்னிரண்டு மணிக்கோ முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஏனென்றால் அவர் விடையிலிருந்து ஆரம்பிப்பார். ஜிபிஎஸ் திரையைப் பார்த்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார். அங்கே நின்றால் சூரியன் எத்தனை டிகிரியில் தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு வருவார். கடைசியில் வரும் எண்ணை அளவுப் புத்தகத்தில் தாளின் முதல் வரியில் எழுதுவார். கணக்கு எத்தனை மைல் தவறியது என்று எழுத, பிசகு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தினமும் சுழியம். புத்தகத்தை மூடும்போது, "கணக்கு பொய் சொல்லாதுய்யா" என்பார். அப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். உழைத்தவனின் நிறைவு. அதைக் குறை சொல்ல முடியாது.

கேப்டன் தேர்வுக்கு இந்தப் புத்தகம் வேண்டும். கப்பலின் கேப்டன் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு அளவுகள் அதில் இருந்தால்தான் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். இரண்டு தடவை தேர்வு எழுதி, இரண்டு தடவையும் வாய்மொழியில் ஊற்றிக்கொண்டவர் அவர். இது மூன்றாவது. வீட்டு வாசலில் மாமனார் கல்யாணத்தின்போதே அடித்த பெயர்ப்பலகை தொங்குகிறது. 'கேப்டன்' என்பது பெரிய எழுத்தில். அவர் பெயர் அதற்குக் கீழே, மீந்த இடத்தில். தெருவில் இஸ்திரி போடுகிறவர் முதல் பல் டாக்டர் வரை அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கப்பலில்தான் யாரும் கூப்பிடுவதில்லை. இந்தப் பயணத்தின் நடுவில் மனைவி ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: "என்னங்க, அப்பா போர்டைக் கழட்டி பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்காரு. மறுபடி மாட்டறதுக்குள்ள பாஸ் பண்ணிருவீங்கல்ல? இல்ல, எழுத்தை மாத்தச் சொல்லட்டுமா?" அதை அவர் மூன்று தடவை கேட்டார். கடைசி வாக்கியத்தில் கேலி எவ்வளவு, கவலை எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் புதிய கேப்டன் ஏறினார். பெண். பன்னிரண்டு மணியைவிட எட்டு வயது இளையவர். வந்த இரண்டாம் நாள் அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் கப்பலின் லாக் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரம், காற்று, மேகம், மழை எல்லாம் பதிகிற புத்தகம் அது. நண்பகல் பதிவு பன்னிரண்டு மணியின் வேலை.

"செகண்ட் ஆபீசர், ஒன்பதாம் தேதி சூரியன் நல்லாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது மேடம்."

"பளிச்சுன்னா?"

"பளிச்சுன்னு."

கேப்டன் லாக் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். ஒன்பதாம் தேதி, நண்பகல். வானம் முழுக்க மேகம். கனமழை. அரை மைலுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முத்து முத்தான கையெழுத்து. அளவுப் புத்தகத்தில் இருந்த அதே கையெழுத்து.

"நடுவுல ஒரு நிமிஷம் மழை விட்டுது மேடம்."

"சரி. பதினாலாம் தேதி கப்பல் துறைமுகத்துல கட்டிக் கிடந்துது. ரெண்டு பக்கமும் கிடங்கு. அடிவானம் எங்கேர்ந்து கிடைச்சுது?"

பன்னிரண்டு மணி மஞ்சள் துணியை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"பழக்க தோஷம் மேடம்."

கேப்டன் சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, நான்கு மாதத்துப் பக்கங்களையும் குறுக்கே ஒவ்வொரு கோடாக அடித்துக்கொண்டே பேசினார். "இருபது வருஷமா அளக்கறவங்களுக்கே ஒரு மைல் ரெண்டு மைல் பிசகும். கப்பல் ஆடுது, கை ஆடுது. தினம் சுழியம்னா அது கடல்ல அளந்தது இல்ல, கேபின்ல அளந்தது. நீங்க இறங்க இன்னும் பதினாலு நாள் இருக்கு. பன்னிரண்டு அளவு கொண்டு வாங்க. பிசகோட கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். கச்சிதமா கொண்டு வந்தீங்கன்னா புத்தகத்தை ஆபீஸுக்கு அனுப்பிருவேன்."

அன்றே ஜிபிஎஸ் திரையின் மேல் பிஸ்கட் அட்டை ஒன்றை வெட்டி ஒட்டினார்கள். நண்பகல் கணக்கு முடிந்த பிறகுதான் அட்டையைத் தூக்க வேண்டும். தூக்குவது மாலுமியின் வேலை. கப்பலை ஓட்ட வேறு திரைகள் இருந்தன. அவற்றின் பக்கம் பன்னிரண்டு மணியின் முகத்தைத் திரும்பவிடாமல் பார்ப்பதும் மாலுமியின் வேலைதான். அந்த வேலையில் அவருக்கு ஒரு உற்சாகம் வந்தது.

முதல் நாள் பன்னிரண்டு மணி கண்ணைத் திறந்து அளந்தார். கருவிக்குள் சூரியன் பச்சை நிறத்தில் ஓடி ஒளிந்தது. பிடித்தால் அடிவானம் போயிற்று, அடிவானத்தைப் பிடித்தால் சூரியன் போயிற்று. எப்படியோ ஒன்றின் தலையில் ஒன்றை உட்காரவைத்து, கணக்குப் போட்டு, வரைபடத்தில் கோடு கிழித்தார். கிழித்த கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க சார் இருக்கோம்?" என்றார் மாலுமி.

"ஒரு மலை மேல."

"அதான் குளுருது."

பஞ்சாங்கத்தில் போன மாதத்துப் பக்கத்தைப் பார்த்திருந்தார். அறுநூறு மைல் பிசகு. கேப்டன் தாளை மேலும் கீழும் படித்தார். "இது உங்க சொந்தக் கைன்னு சத்தியம் பண்ணலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மலை மேல் நின்ற கப்பலுக்கு முதல் மதிப்பெண் விழுந்தது.

மறுநாள் சூரியனின் கீழ் விளிம்புக்குப் பதில் மேல் விளிம்பை வைத்து அளந்தார். முப்பத்திரண்டு மைல். அடுத்தது பத்தொன்பது. அதற்கடுத்து இரண்டு நாள் மேகம். அந்த இரண்டு நாளும் கதவருகே நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான்கு மாதமாக மழையிலும் சூரியனைப் பார்த்தவர் அவர். இப்போது ஒரு சின்ன மேகத் துணுக்குக்கே மூஞ்சி சுண்டிப்போயிற்று. உபரியாக இருந்த இரண்டு நாளும் அத்துடன் தீர்ந்தன. இனி ஒரு நண்பகல் தவறினாலும் புத்தகம் நிரம்பாது.

சாப்பாட்டு மேஜையில் பேச்சு மாறியது. முன்பெல்லாம் சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவார். இப்போது கறுப்புக் கண்ணாடியில் எதை எப்போது இறக்குவது என்று பேசினார். சமையல்காரர் சாம்பார்க் கரண்டியோடு வந்து, "நேத்து எத்தனை மைல்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். பதினொன்று என்றால் ஒரு கரண்டி. ஏழு என்றால் இரண்டு.

எட்டாவது அளவின்போது ஒன்று நடந்தது. சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் திருகைத் திருகிக்கொண்டே அதை அடிவானத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று திருக வேண்டியிருக்கவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நிக்குதுய்யா!" என்று கத்தினார்.

"என்ன சார், இன்ஜினா?"

"சூரியன்யா. உச்சியில நிக்குது."

உச்சியில் சூரியன் சற்று நேரம் நின்றாற்போல் இருக்கும் என்பதை இரண்டு தேர்விலும் அவர் எழுதியிருந்தார். அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். பார்த்தது அன்றுதான். கருவியை இறக்க மனமில்லாமல் கழுத்து வலிக்கும்வரை நின்றார். அன்றைக்கு மூன்று மைல்.

கடைசி நாள். மறுநாள் காலை கப்பல் துறைமுகம் சேரும், அவர் இறங்குவார். பதினோரு கையெழுத்து ஆகியிருந்தது. கடல் எண்ணெய் தடவினாற்போல் அசைவற்றுக் கிடந்தது. அடிவானம் கத்தியால் கீறிய கோடு. பன்னிரண்டு மணி கண்ணாடியில் ஊதினார், துடைத்தார், துணியை மடித்தார், வெளியே போனார். "வருது... வருது..." என்றார். "நிறுத்து" என்று சொல்லவில்லை. அதுவாக நிற்கும்வரை காத்திருந்தார். உள்ளே வந்து, எழுபத்தொரு டிகிரி 18 நிமிடம் என்று முதல் வரியில் பென்சிலால் எழுதினார். டிகிரியை அறுபதாகப் பிரித்தது நிமிடம். ஒரு நிமிடம் தவறினால் கப்பல் ஒரு மைல் தவறும். பத்து நிமிடத்தில் கணக்கை முடித்து, விடையை வாசித்தார்.

மாலுமி அட்டையைத் தூக்கினார். திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"சார்... பிசகவே இல்ல."

"ஒழுங்காப் பாருய்யா."

"பாத்துட்டேன். சுழியம் சார்! அடிச்சிட்டீங்க!"

பன்னிரண்டு மணி எழுந்து வந்து தானே பார்த்தார். ஒரு கணம் முகம் மலர்ந்தது. கேப்டனைத் தவிர உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் போலிருந்தது. மறுகணம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு" என்றார்.

"என்ன போச்சு? நான் சாட்சி சொல்றேன் சார். கண்ணைத் திறந்துக்கிட்டுதான் அளந்தீங்க."

"நாலு மாசம் நான் கண்ணை மூடிக்கிட்டு நின்னப்பவும் நீதானேய்யா பக்கத்துல நின்ன."

மாலுமி அட்டையைப் பழையபடி ஒட்டினார். அடுத்த அளவு என்பது நாளை நண்பகல். நாளை நண்பகல் கப்பல் கிடங்குகளுக்கு நடுவில் கட்டிக் கிடக்கும். சாப்பிட்டு முடித்து ஒரு மணிக்குக் கேப்டன் மேலே வருவார். அவர் உட்கார்ந்தே இருந்ததில் மணி பன்னிரண்டு ஐம்பது ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணி பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தார். தாளின் அடியிலிருந்து தொடங்கினார். பிசகு என்ற கட்டத்தில் சுழியத்தை அழித்து இரண்டு போட்டார். கப்பலை இரண்டு மைல் வடக்கே தள்ளினார். அங்கிருந்து வரி வரியாக, பின்னாலிருந்து முன்னால், கழித்ததைக் கூட்டி, கூட்டியதைக் கழித்து மேலே ஏறினார். இந்த வழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவ்வளவு வேகமாக அவர் கணக்குப் போட்டு மாலுமி பார்த்ததில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மிஞ்சியிருந்தது முதல் வரி மட்டும். கண்ணால் அளந்து கையால் எழுதிய அந்த 18. ரப்பரின் முனையை அதன்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு எட்டின் மேல்பாதியில் வலது பக்கத்து வளைவை மட்டும் மெதுவாக அழித்தார். அது ஆறாயிற்று. தாளில் உதிர்ந்து கிடந்த ரப்பர்த் தூளைச் சின்னக் கண்ணாடியில் ஊதுவதுபோல் ஒருமுறை ஊதி, மஞ்சள் துணியால் துடைத்தார்.