மூன்று தரம் வாசித்த பிள்ளை

இன்று நாவலப்பிட்டி பஸ்ஸில் இருந்தபடியே உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் பௌதிகவியல் செய்முறை அறிக்கைகளைத் திருத்திக்கொண்டு வந்தேன்.

ஊசல் இருபது தரம் ஆட எடுக்கும் நேரத்தை அளக்க வேண்டும். ஒரு பிள்ளையின் அட்டவணையில் மூன்று கட்டத்திலும் 28.4 செக்கன். அதைக் கூட்டி, மூன்றால் வகுத்து, சராசரியும் 28.4 என்று கோடு போட்டுக் காட்டியிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு தரம் அளந்துவிட்டு மற்ற இரண்டையும் சும்மா நிரப்பியிருக்கிறாள். பூச்சியம் போடச் சிவப்புப் பேனையைத் திறந்தேன்.

அவளே இரண்டு சீட் முன்னால் இருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூணும் எப்படிம்மா ஒரே மாதிரி வந்துச்சு?"

"நீங்க தந்த தாள்ல 'மூன்று வாசிப்புகள் எடுக்கவும்'னு இருந்துச்சுதானே டீச்சர். ஸ்டொப்வோச்ச நிப்பாட்டிட்டு மூணு தரம் வாசிச்சேன். கடைசித் தரம் நிர்மலாவையும் வாசிக்கச் சொன்னேன்."

பேனையை மூடினேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 'வாசிப்பு' என்றால் அளவீடு என்று தாளில் நான் எங்கும் எழுதவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்குமுன் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் திருத்தம் போட்டேன்: "ஒவ்வொரு தரமும் ஊசலைப் புதிதாக ஆட்டி, நேரத்தை அளக்கவும்."

இப்போதுதான் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது.

"டீச்சர், வீட்ல அதே நீள நூல்ல பூட்டைக் கட்டி, மூணு தரம் ஆட்டி, போன்ல நேரம் அளந்து பார்த்தேன். 28.1, 28.6, 28.3னு வேற வேறயா வருது. என் போன் பழுதா?"

பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் நல்ல பதில் இருந்தால் கீழே போடுங்கள்.

கொஞ்சம் கவனமாக எழுதுங்கள். அவள் அதை மூன்று தரம் வாசிப்பாள்.