பிரெஞ்சு வார்த்தைக்கு எத்தனை துண்டு

என் மகள் நர்ஸ். கனடாவில் வேலைக்குப் போக அவளுக்குப் பிரெஞ்சு தேவைப்பட்டது. சனிக்கிழமை சென்னையில் பேச்சுத் தேர்வு. தேறினால் போய்விடுவாள். அப்புறம் ஆரணி வீட்டில் நான் மட்டும்தான்.

மூன்றாவது வரைதான் படித்தேன். இதை எழுதவே நாலு நாள் ஆயிற்று. ஆனாலும் எங்கேயும் கைநாட்டு வைத்தவள் இல்லை. என் காதும் மோசமில்லை. நாலு தறி ஓடும்போது எந்தத் தறியில் குறுக்கே நூல் ஓட்டுகிற நாடா தடுமாறுகிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

அதனால்தான் என்னை உட்கார வைத்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் போனை என் மடியில் வைப்பாள். அதில் ஒரு டீச்சரம்மா, நாங்கள் பேசுகிறோம் என்பதற்கு, "நூ பர்லோன்" என்பாள். 'நூ' என்றால் நாங்கள். பேசுகிறோம் என்ற சொல் 'பர்', 'லோன்' என்று இரண்டு துண்டு. நான் இரண்டு விரல் மடக்குவேன். மகள் சொல்வதும் இரண்டுதானா என்று பார்ப்பேன்.

அவர்கள் பேசுகிறார்கள் என்பதில்தான் தகராறு. எழுத்தில் நீளமாகக் கிடக்கிறது, பாதியைச் சொல்வதே இல்லை. 'பர்ல்'. ஒரே துண்டு. மகளுக்கோ 'பர்லு' என்று வரும். பஸ்ஸு, பேங்க்கு என்று பழகிய வாய், லேசில் நிற்காது.

திங்கட்கிழமை பத்தாவது முறையும் 'பர்லு' என்றாள். இரண்டு விரல் மடங்கியது. எனக்கு அலுப்பு. சரி என்றுவிட்டேன். அலுப்பு மட்டுமில்லை, அது எனக்கே தெரியும். செவ்வாயும் சரி என்றேன், புதனும்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது கேட்டாள்.

"நெஜமா சரியா வருதாம்மா? உன் காத நம்பித்தான் போறேன்."

கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தேன்.

"இல்ல. ஒரு துண்டு ஜாஸ்தியா வருது. திங்கக்கெழமலருந்து வந்துகினுதான் கீது."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் போவக்கூடாதுன்னா?"

"ஆமா."

திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "வெரல காட்டு," என்றாள்.

எட்டு முறை இரண்டு விரல் மடங்கியது. ஒன்பதாவது முறை ஒன்றோடு நின்றது. இதுதான் என்று சொன்னேன். பிறகு தப்பை எல்லாம் தப்பு என்றே சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தப்பும் வரவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று, பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.