உம்மாமார் குழுவில் ஒரு வாப்பா

மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழு உம்மாமாருக்கு மட்டும். பெண்களின் நம்பர்கள் ஆண்களிடம் போகக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மனைவி கட்டாருக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம். பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னுவதும் சோறு கட்டுவதும் நான்தான். என்னையும் சேர்க்கச் சொல்லி ஒருநாள் டீச்சரிடம் கேட்டேன்.

"உம்மாட நம்பரைத் தாங்க," என்றார். வாப்பாமார் கூட்டத்துக்குக் கதிரை தூக்கி அடுக்க மட்டும்தான் போல.

எரிச்சலில், மனைவி கட்டாரில் என்பதைச் சொல்லாமல், அவள் விட்டுப்போன பழைய போனின் நம்பரைக் கொடுத்தேன். முகப்பில் அவள் வைத்திருந்த ரோசாப்பூப் படத்துக்குப் பின்னால் நானே உம்மா ஆனேன். டீச்சர் எது போட்டாலும் "ஓம் டீச்சர்" என்று எழுதுவேன். வாயைத் திறக்கக் கூடாது என்று மகளுக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் அடித்தது. டீச்சர். எடுத்தால் ஆண் குரல் கேட்கும். பெண்களின் குழுவில் ஒளிந்திருந்தவன் என்று ஊரே காறித் துப்பும். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. ஈரக் கையோடு பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு செய்தி வந்தது: "போன எடுங்க. புள்ளைக்கு மூச்சு இழுக்குது. பேக்ல இன்ஹேலர் இல்ல."

முந்தின நாள் பையைக் கழுவிக் காயப்போட்டவன் நான். இன்ஹேலரைத் திரும்ப வைக்க மறந்திருந்தேன். அலுமாரி மேல் கிடந்தது.

மூன்றாம் தரம் அடித்தபோது எடுத்தேன்.

"டீச்சர், நான் வாப்பா கதைக்கிறன்."

"உம்மா எங்க?"

"கட்டார்ல. இவ்வளவு நாளும் எழுதினது நான்தான். இன்ஹேலர் கொண்டு வாறன்."

"கெதியா வாங்க."

பள்ளிக்கூடத்தில் மகள் டீச்சரின் மேல் சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. இன்ஹேலரை இரண்டு தரம் அடித்த பிறகு மெல்ல மூச்சு சீரானது. டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கு நான் கவலைப்படவில்லை.

பாயில் படுத்திருந்த மகள் கேட்டாள்: "டீச்சர் மூணு தரம் கோல் எடுத்தாங்க வாப்பா. நீங்க வீட்ட இல்லையா?"

மானம் போய்விடும் என்று பயந்து, மூச்சுக்குத் தவித்த பிள்ளையைக் காக்கவைத்திருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது?

"இருந்தன் மகள்," என்றேன். "போனுக்குப் பக்கத்திலதான் நின்டன்."